செடோனா வழிகாட்டிகள்: பெரிய சிவில் வழக்கில் அவற்றைப் பயன்படுத்துவது எப்படி?

அமெரிக்க வழக்குகளுக்கு டாக்குமென்ட் ரிவ்யூ (வழக்குக்குச் சம்பந்தமான ஆவணங்களைப் படித்துத் தரம்பிரிக்கும் வேலை) செய்துதரும் அலுவலகங்கள் சென்னையில் நிறைய இருக்கின்றன. சட்டக் கல்லூரி முடித்த கையோடு அங்கே சேரும் பிள்ளைகள் சீக்கிரமே கேட்டுவிடும் பெயர் ‘செடோனா’. “செடோனா சொல்றபடி போங்க”, “இது செடோனாவுக்கு ஒத்துவராது” என்று டீம் லீட் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். அது சட்டமா, தீர்ப்பா, ஏதாவது சாஃப்ட்வேரா என்று கேட்கக் கூச்சப்பட்டே பலர் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், இந்திய வணிக நீதிமன்றங்களில் பெரிய வழக்கு நடத்தப்போகும் ஜூனியர்களுக்காகவும் இந்த வழிகாட்டி.

செடோனா கான்ஃபரன்ஸ் என்பது 1997-இல் ரிச்சர்ட் பிரேமன் என்ற வழக்கறிஞர் அரிசோனா மாநிலத்தின் செடோனா நகரில் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு. போட்டிச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை, சிக்கலான சிவில் வழக்குகள் ஆகியவைதான் அதன் களம். 2002-இலிருந்து அது ‘வொர்க்கிங் குரூப்’ என்ற நிபுணர் குழுக்களை நடத்திவருகிறது. முதல் குழு எடுத்துக்கொண்டது மின்னணு ஆவணங்களை. பிறகு எல்லை தாண்டிய ஆவணப் பரிமாற்றம் (வழக்கில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் ஆவணங்களைக் கொடுப்பது), காப்புரிமை வழக்கு, தரவுப் பாதுகாப்பு, வணிக ரகசியம், செயற்கை நுண்ணறிவு என்று குழுக்கள் பெருகின. ஒவ்வொரு குழுவிலும் வாதித் தரப்பு வக்கீல்கள், பிரதிவாதித் தரப்பு வக்கீல்கள், கம்பெனிகளின் சட்டத் துறையினர், தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உட்காருவார்கள், நீதிபதிகளும் கூட. விவாதம் வேண்டாம், உரையாடல் போதும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி.

இந்த உட்காரும் முறையில்தான் விஷயமே இருக்கிறது. நாளைக்கு நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் கிழிக்கப்போகிறவர்கள், கையில் கேஸ் கட்டு இல்லாத நாளில் ‘நியாயமாக இப்படிச் செய்யலாம்’ என்று ஒப்புக்கொண்டு எழுதிய காகிதம் அது. அதனால் சண்டை மூளுவதற்கு முன்னால் எடுத்தால் அதற்குப் பலம் உண்டு. சண்டை முற்றிய பிறகு எடுத்தால் அது மனுவில் இன்னொரு மேற்கோள், அவ்வளவுதான். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை வழக்கின் முதல் சில மாதங்களைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இதுதான்.

முன்கதை கொஞ்சம்

இந்த மாதிரி குழுக்கள் செடோனாவோடு பிறந்தவை அல்ல. 1960-களின் தொடக்கத்தில், மின்சாதனங்களுக்குக் கூட்டாகச் சதி செய்து விலை வைத்த கம்பெனிகள் மீது அமெரிக்காவில் 1,800-க்கும் மேற்பட்ட சிவில் வழக்குகள் முப்பதுக்கும் அதிகமான மாவட்ட நீதிமன்றங்களில் குவிந்தன. ஒரே சாட்சியை ஒவ்வொரு ஊராக இழுத்தடிக்க முடியாது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் காலத்தில் 1962-இல் ஒருங்கிணைப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நீதிபதிகள் பொதுவான கால அட்டவணையும் பொதுவான சாட்சி விசாரணையும் வகுத்து வழக்குகளை முடித்துவைத்தார்கள். அந்த அனுபவம்தான் 1968-இல் பல மாவட்ட வழக்குகளை ஒரே நீதிபதியிடம் சேர்க்கும் சட்டமாக உருவெடுத்தது. சிக்கல் வழக்குகளுக்கான நீதிபதிகளின் கையேடும் அதன் வழியே வந்ததுதான். அந்தக் கையேட்டின் நான்காம் பதிப்பு 2004-இல் வெளியானது.

அப்போது பிரச்சினை, வழக்குகளின் எண்ணிக்கை. 2000-க்குப் பிறகு வந்த பிரச்சினை ஈமெயில்.

படி 1: கையில் இருக்கும் ஆவணத்தின் நிலையைப் பாருங்கள்

செடோனா வெளியீடு ஒன்று பல கைகள் மாறித்தான் வெளியே வரும். எழுத்துக் குழு வரைவு தயாரிக்கும், முழு வொர்க்கிங் குரூப் அதைப் பிரித்து மேயும், பிறகு ‘பொதுக் கருத்துக்கான பதிப்பு’ வெளியாகும். கருத்துகள் வந்தபின் திருத்தி இறுதிப் பதிப்பு அமைப்பின் ஜர்னலில் ஏறும். முகப்புப் பக்கத்தில் எது போட்டிருக்கிறது என்று பார்க்காமல் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம். வரைவில் இருந்த வரி இறுதிப் பதிப்பில் மாறியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

பதிப்பு எண்ணும் முக்கியம். அடிப்படை நூலான ‘செடோனா கோட்பாடுகள்’ 2003-இல் வரைவாக வந்தது. இரண்டாம் பதிப்பு 2007-இல் வந்தது, மூன்றாவது 2018-இல். இடையில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளே 2006-லும் 2015-லும் திருத்தப்பட்டுவிட்டன. ஆக, பழைய பதிப்பின் சில பகுதிகள் இன்றைய விதிக்குப் பொருந்தாது. கோட்பாடுகள் மொத்தம் 14. முதலில் அவற்றை மட்டும் படித்துவிட்டு விளக்கவுரைக்குள் போங்கள். தலைகீழாகப் போனால் தூக்கம் வரும்.

தனிப்பட்ட பயன்பாட்டுக்கு எல்லாவற்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அருஞ்சொல் தொகுப்பு ஒன்றும் உண்டு. ரிவ்யூ வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை மேசையில் வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: ‘எப்போது தொடங்கியது?’ என்று தேதி குறியுங்கள்

வழக்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்க வேண்டிய நாளிலிருந்து, சம்பந்தப்பட்ட ஆவணங்களை அழிக்காமல் வைத்திருக்கும் கடமை வந்துவிடுகிறது. சம்மன் கைக்கு வரும் வரை காத்திருக்க முடியாது. நியூயார்க்கில் ஊழியர் ஒருவர் தன் நிறுவனத்தின் மீது தொடுத்த சுபுலேக் எதிர் யூபிஎஸ் வார்பர்க் வழக்குதான் இதை ஊருக்கெல்லாம் புரியவைத்தது. நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் 2003, 2004-இல் அடுத்தடுத்துப் பிறப்பித்த ஆணைகளில், ஈமெயில்களும் அவற்றின் பேக்-அப் டேப்களும் எப்படித் தொலைந்தன என்று வரிவரியாகப் பார்த்தார். காணாமல் போனவை நிறுவனத்துக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்க ஜூரிக்கு அனுமதி கிடைத்தது. 2005-இல் ஜூரி வழங்கிய தொகை சுமார் 29 மில்லியன் டாலர்.

இதைத் தொழில்காரர்கள் ‘லீகல் ஹோல்டு’ என்பார்கள். செடோனாவின் லீகல் ஹோல்டு விளக்கவுரை இதை இரண்டாகப் பிரிக்கிறது: கடமை எந்த நிகழ்வால் தொடங்குகிறது, தொடங்கியபின் என்ன செய்வது. நடைமுறையில் முதல் பாதியைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். ஆகவே ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். எந்தத் தேதியில் எந்தக் கடிதம் அல்லது புகார் வந்தது, அதைப் பார்த்து யார் முடிவெடுத்தார், ஏன் அந்தத் தேதி என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மூன்று வருஷம் கழித்து அந்த முடிவைக் கேள்வி கேட்கும்போது முடிவெடுத்தவர் வேறு கம்பெனியில் இருப்பார். அந்த ஒரு பக்கம் மட்டும் இருக்கும்.

பிறகு, தானாக அழிக்கும் அமைப்புகளை நிறுத்துங்கள். நோட்டீஸ் அனுப்பினோம், வேலை முடிந்தது என்று உட்காரக் கூடாது. வாட்ஸ்அப்பில் ‘மறையும் செய்தி’ வைத்திருக்கும் மேலாளர், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடும் விற்பனை அதிகாரி, இவர்கள்தான் அபாயம். 2015 திருத்தத்துக்குப் பின் விதி 37-இன் ‘ஈ’ பிரிவு இதில் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. நியாயமான நடவடிக்கை எடுத்திருந்தால், தரவு தொலைந்தது என்பதற்காக மட்டும் தண்டனை கிடையாது. எடுக்காமல் விட்டு, வேறெங்கிருந்தும் மீட்கவும் முடியாமல் போய், எதிர்த்தரப்புக்கு அதனால் பாதிப்பும் இருந்தால், பாதிப்பைச் சரிக்கட்டும் அளவுக்கு மட்டும் நடவடிக்கை. எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு அழித்தால்தான் பாதக ஊகம், வழக்கே தோற்பது போன்ற பெரிய அடிகள்.

படி 3: தரவு எங்கே இருக்கிறது, எந்த எழுத்தில் இருக்கிறது?

யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் போடுவது எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒவ்வொரு கஸ்டோடியனுக்கும் (ஆவணங்களைக் கையில் வைத்திருக்கும் ஆள்) ஈமெயில், லேப்டாப், போன், கிளவுட் கணக்கு, காகிதக் கோப்பு என்று ஒரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் அழிப்புக் கால அளவு. போதும்.

தமிழ்நாட்டில் கிளையோ சப்ளையரோ வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனி வழக்கென்றால், வழிகாட்டிகளில் விரிவாக இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அதை அமெரிக்க வக்கீலுக்கு நீங்கள்தான் முதலிலேயே சொல்லவேண்டும். தொழிற்சாலை வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுவது ஆங்கிலமும் இல்லை, தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ‘அனுப்பிட்டேன்’ என்ற ஒரு சொல்லை ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும் அடிப்பார். ‘ப்ப’வுக்கு ஒரு எழுத்தா இரண்டா, ‘ட்டே’வில் எந்த எழுத்து இரட்டிக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. நியூயார்க்கில் உட்கார்ந்து போட்ட தேடுசொல் பட்டியல் இதில் ஒன்றையும் பிடிக்காது.

பழைய கோப்புகளில் இன்னொரு வம்பு. யூனிகோடு பரவலாவதற்கு முன், பாமினி மாதிரி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதங்கள் திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் கணினிக்கு அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ரிவ்யூ தளத்தில் ஏற்றியதும் எழுத்துருவும் போய்விடும், குப்பை மட்டும் மிஞ்சும். ‘மொழி தெரியாத கோப்பு’ என்று தள்ளிவைக்கப்பட்ட பெட்டிக்குள் முக்கியமான ஒப்பந்தக் கடிதம் கிடக்கலாம். எழுத்துரு மாற்றம் முதலில், தேடல் பிறகு. வரிசை மாறக் கூடாது.

படி 4: எதிர்த்தரப்போடு உட்காருங்கள், எழுதி வாங்குங்கள்

கூட்டாட்சி விதி 26-இன் ‘எஃப்’ பிரிவுப்படி, கால அட்டவணைக்கான ஹியரிங்குக்குக் குறைந்தது 21 நாள் முன்னால் இரு தரப்பும் சந்தித்து ஆவணத் திட்டம் பேச வேண்டும். பலர் இதைப் பத்து நிமிட போன் காலில் முடித்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து, பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பங்கு அந்தப் பத்து நிமிடத்தில் பேசாமல் விட்டவற்றிலிருந்துதான் முளைக்கிறது.

2008-இல் செடோனா ‘ஒத்துழைப்புப் பிரகடனம்’ ஒன்றை வெளியிட்டது. கட்சிக்காரருக்காகத் தீவிரமாக வாதாடுவதும், ஆவணப் பரிமாற்றத்தில் எதிர்த்தரப்போடு ஒத்துழைப்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்பது அதன் சாரம். பிரசங்கம் மாதிரித் தோன்றும். ஆனால் அதே வருஷம் அக்டோபரில் மேரிலாந்து நீதிபதி பால் கிரிம், மான்சியா எதிர் மேஃப்ளவர் என்ற வழக்கில் அதைக் கையில் எடுத்தார். அது ஓவர்டைம் சம்பளம் கேட்டுத் தொழிலாளர்கள் போட்ட வழக்கு. பிரதிவாதிகள் எந்தக் கேள்விக்கும் காரணம் சொல்லாமல் அச்சடித்த மாதிரி ஆட்சேபம் போட்டிருந்தார்கள். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவது விதி 26-இன் ‘ஜி’ பிரிவை மீறும் என்று சொல்லி, இரு தரப்பையும் உட்கார்ந்து செலவுக் கணக்குப் போட்டுப் பேசச் சொன்னார்.

அந்தச் சந்திப்பின் விளைவு எழுத்தில் இருக்க வேண்டும். இதை ‘ஈஎஸ்ஐ புரோட்டோகால்’ (மின்னணு ஆவணங்களைக் கையாளும் ஒப்பந்தம்) என்பார்கள். அதில் குறைந்தபட்சம் இவை வேண்டும்: எந்தக் கஸ்டோடியன்கள், எந்தக் காலகட்டம், கோப்புகளை எந்த வடிவில் தருவது, எந்த மெட்டாடேட்டா (கோப்பின் தேதி, எழுதியவர் போன்ற விவரங்கள்) புலங்கள், ஒரே கோப்பின் நகல்களை எப்படிக் கழிப்பது, வாட்ஸ்அப் உரையாடலை எங்கே வெட்டி ஒரு ‘ஆவணம்’ என்று எண்ணுவது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் உரையாடல் ஒரு ஆவணமா, ஒரு செய்தி ஒரு ஆவணமா என்று முடிவு செய்யாமல் ரிவ்யூ தொடங்கினால் பாதி வழியில் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க நேரும்.

படி 5: ‘அளவுக்கு மீறியது’ என்று சொல்வதானால் எண்ணோடு சொல்லுங்கள்

2015 திருத்தம் விகிதப் பொருத்தத்தை, அதாவது ஆவணம் கேட்பதன் சுமை வழக்கின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதை, ஆவணப் பரிமாற்றத்தின் எல்லைக்குள்ளேயே வைத்துவிட்டது. வழக்கின் முக்கியத்துவம், கேட்கும் தொகை, தகவல் யார் கையில் இருக்கிறது, இரு தரப்பின் வசதி, அந்த ஆவணம் முடிவுக்கு எவ்வளவு உதவும், செலவுக்கு ஏற்ற பயன் உண்டா என்று ஆறு அளவுகோல்கள். ‘அதிகச் சுமை’ என்று மட்டும் எழுதினால் எந்த நீதிபதியும் மதிக்க மாட்டார். இத்தனை ஜிபி, இத்தனை லட்சம் கோப்பு, ஒரு ஆள் மணிக்கு இத்தனை பார்ப்பார், ஆக இத்தனை மணி நேரம் என்று போடுங்கள். ஆட்சேபம் சொல்லி எதையாவது நிறுத்திவைத்திருக்கிறீர்களா இல்லையா என்பதையும் விதி 34 இப்போது வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது.

படி 6: தேடல் முறையைச் சோதித்துக் காட்டுங்கள்

இங்கே இரண்டு தீர்ப்புகள் போதும்.

முதலாவது விக்டர் ஸ்டான்லி எதிர் கிரியேட்டிவ் பைப், 2008. நீதிபதி மறுபடி பால் கிரிம்தான். பிரதிவாதிகள் சில தேடுசொற்களைப் போட்டு வக்கீல்-கட்சிக்காரர் ரகசிய ஆவணங்களை வடிகட்டிவிட்டதாக நினைத்தார்கள். 165 ரகசிய ஆவணங்கள் எதிர்த்தரப்பு கைக்குப் போய்விட்டன. எந்தச் சொற்கள், ஏன் அவை, யார் தேர்ந்தெடுத்தார், சாம்பிள் எடுத்துச் சோதித்தீர்களா என்று கேட்டபோது பதில் இல்லை. அவற்றைக் காட்ட மறுக்கும் உரிமையான ரகசியச் சலுகை போயே போய்விட்டது. தேடல் குறித்த செடோனாவின் நல்ல நடைமுறைகளைத் தீர்ப்பு சுட்டியிருந்தது. அதைப் பின்பற்றியிருந்தால் சொல்வதற்கு ஒரு பதிலாவது இருந்திருக்கும்.

இரண்டாவது ஹைல்ஸ் எதிர் நியூயார்க் நகரம், 2016. நீதிபதி ஆண்ட்ரூ பெக். கணினியைப் பழக்கி ஆவணங்களைத் தரம்பிரிக்கும் ‘டார்’ முறையை 2012-இல் டா சில்வா மூர் வழக்கில் முதன்முதலாக ஏற்றவர் இவர். ஹைல்ஸ் வழக்கில் வாதி, நகர நிர்வாகம் ‘டார்’ பயன்படுத்தவேண்டும் என்று கேட்டார். நகரம் தேடுசொல்லே போதும் என்றது. ‘டார்’ மேல் பெக்குக்கு இருந்த அபிமானம் ஊரறிந்தது. அதே தீர்ப்பில் அதைப் பாராட்டவும் செய்தார். ஆனாலும் கட்டாயப்படுத்த மறுத்தார். காரணம் செடோனாவின் ஆறாம் கோட்பாடு: தன் ஆவணங்களை எப்படித் தேடுவது என்பதை முடிவு செய்ய அவற்றை வைத்திருப்பவரே பொருத்தமானவர். இந்தக் கோட்பாடு பிரதிவாதிகளுக்குச் சாதகம் என்று வாதித் தரப்பில் நெடுநாள் முணுமுணுப்பு உண்டு. என் பார்வையில் அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. ஆவணம் வைத்திருப்பவரைத் தேர்வு செய்ய விடுவது சரி. தேர்ந்த முறை வேலை செய்தது என்று காட்டும் பொறுப்பையும் அதே மூச்சில் அவர்மேல் போட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? ஒதுக்கித் தள்ளிய குவியலிலிருந்து சாம்பிள் எடுங்கள். உதாரணத்துக்கு, தேடலில் சம்பந்தமுள்ளவையாகத் தேறியவை 18,000, சம்பந்தமில்லை என்று ஒதுக்கியவை 2,00,000. ஒதுக்கியதிலிருந்து கண்ணை மூடி 1,500 எடுத்து ஆள் வைத்துப் பார்க்கிறீர்கள். 15 சம்பந்தமுள்ளவை கிடைக்கின்றன, அதாவது 1 சதவீதம். அப்படியானால் அந்தக் குவியலில் ஏறக்குறைய 2,000 விடுபட்டிருக்கும். இருக்க வேண்டிய 20,000-இல் 18,000 பிடித்திருக்கிறீர்கள், 90 சதவீதம். அத்தோடு நிறுத்தாமல் அந்தப் பதினைந்தையும் படியுங்கள். பதினைந்தும் ஒரே மாதிரிக் குப்பை இன்வாய்ஸ் என்றால் நிம்மதி. அதில் ஒன்று மேலாளர் நள்ளிரவில் அடித்த தங்லிஷ் செய்தி என்றால், சதவீதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேடலை மறுபடி போடுங்கள்.

படி 7: 502-‘டி’ ஆணை வாங்காமல் ஒரு பக்கமும் கொடுக்காதீர்கள்

2008 செப்டம்பரில் சாட்சிய விதி 502 சட்டமானது. அதன் ‘டி’ பிரிவில் நீதிமன்ற ஆணை பெற்றுவிட்டால், இந்த வழக்கில் தவறி வெளியே போன ரகசிய ஆவணத்தால் சலுகை இழப்பு வராது. வேறு கூட்டாட்சி, மாநில நீதிமன்றங்களிலும் அந்த ஆணை செல்லும். ஒரு பக்க மனு, பெரும்பாலும் இரு தரப்பும் சம்மதிக்கும். கேட்காமல் விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

படி 8: மேற்கோள் காட்டும்போது

செடோனா சொல்கிறது, ஆகவே நீதிமன்றம் செய்ய வேண்டும் என்று எழுதாதீர்கள். முதலில் விதி, பிறகு அந்த நீதிமன்றத்தின் உள்ளூர் விதி, பிறகு தீர்ப்பு, அதன்பின் செடோனா. அந்த நீதிபதியே ஏற்கெனவே செடோனாவைச் சுட்டியிருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டினாலே போதும். எதிர்த்தரப்பும் அதே ஆவணத்திலிருந்து வேறு வரியை எடுக்கும் என்று எதிர்பாருங்கள். இரு தரப்பும் சேர்ந்து எழுதியதில் இரு தரப்புக்கும் வரி இருக்கத்தானே செய்யும்!

நம் பக்கத்தில்

இந்தியாவிலும் இப்படி ஒரு குழு இருந்தது, அதற்குக் காரணமான வழக்கில் சேலத்தின் பெயர் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், திருத்தங்கள் செல்லும் என்று 2002-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், அவற்றைச் செயல்படுத்தும் வழி காண நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் குழு அமைத்தது. மாற்றுத் தீர்வு முறைக்கும் வழக்கு மேலாண்மைக்கும் மாதிரி விதிகளை அந்தக் குழு வகுத்துக் கொடுத்தது. 2005 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தீர்ப்பில் அவை விரிவாக இடம்பெற்றன. வழக்குகளை அவற்றின் தன்மையைப் பொறுத்துத் தடம் பிரிப்பதும் அதில் ஒன்று.

2015 வணிக நீதிமன்றச் சட்டம் அந்த யோசனைகளில் சிலவற்றுக்குப் பல் கொடுத்தது. அது திருத்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 11 மின்னணுப் பதிவுகள் உள்பட ஆவணங்களை மனுவோடேயே தரச் சொல்கிறது, ஆணை 15-ஏ வழக்கு மேலாண்மை விசாரணையைக் கட்டாயமாக்குகிறது. பிரதிவாதியின் எதிருரைக்கு 120 நாள், அதற்குமேல் இல்லை. ஆக, சென்னையில் வணிக வழக்கு நடத்துகிறவருக்கு அமெரிக்க மாதிரி நீண்ட பரிமாற்றக் கட்டம் கிடையாது. மேலே சொன்னவற்றில் 2, 3, 6 ஆகிய படிகளை மனு தாக்கலுக்கு முன்பே முடித்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான குறியீடு) கேட்கிறார்கள். அதைக் கோப்பு எடுத்த அன்றே குறித்துக்கொள்ளுங்கள். கோப்பைத் திறந்து, திருத்திச் சேமித்த பிறகு எடுக்கும் ஹாஷ் வேறாகத்தான் வரும், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.